மாத்திரை முடிஞ்சுது... பயம் முடியலையே!

(பட்டிமன்றத் தலைப்பு: காசநோயில் மனிதரைப் பெரிதும் வாட்டுவது நோயா? நோய் தீர்ந்த பின்னும் தீராத பயமா? ‘பயமே’ என்ற அணியில் பேசியது.)



நடுவர் அவர்களே, நான் மேடை ஏறி மைக்குக்கு முன்னாடி வந்து ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான்! முன் வரிசையிலே இருந்த ஒருத்தர் மெல்ல எழுந்து மூணாவது வரிசைக்குப் போயிட்டாரு. (சிரிப்பு) இன்னிக்குத் தலைப்பு அப்படி! நல்லா இருக்கிற எனக்கே இந்த நிலைமைன்னா, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, குணமாகி வந்த ஒரு மனுஷன் நாலு பேருக்கு நடுவிலே இருமினா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க.

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாப் பேசினார். உலகத்திலே காசநோய் வர்றவங்கள்ல ஏறக்குறைய நாலில் ஒருத்தர் இந்தியர்னு கணக்குச் சொன்னார். உண்மை, நான் மறுக்கல. அடுத்து வந்த அம்மா, “புதுமைப்பித்தனை 1948-லே, 42 வயசிலே கொண்டு போனது இந்த நோய்தானே?”ன்னு கேட்டாங்க. அரங்கமே அமைதியாயிடுச்சு. தமிழ் படிச்சவன், எனக்கும் மனசு கனத்துப் போச்சு. நோய் கொடியதுதான். யார் இல்லேன்னு சொன்னா?

ஆனா, தலைப்பை நிதானமாப் பார்க்கணும். ‘கொல்வது எது?’ன்னு நீங்க கேட்கல. ‘வாட்டுவது எது?’ன்னு கேட்டிருக்கீங்க. நோய்க்கு இன்னிக்கு ஒரு கெடு வெச்சாச்சு. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புடால். முதல் ரெண்டு மாதம் நாலு மருந்தும், அடுத்த நாலு மாதம் அதிலே மூணும். மருந்துக்குக் கட்டுப்படுகிற சாதாரணக் காசநோய்க்கு மொத்தம் ஆறு மாதம். பேரைச் சொல்றதுக்குள்ளேயே எனக்கு நாக்கு சுளுக்கிக்குது, அந்தக் கிருமி எப்படிங்க தாங்கும்? (சிரிப்பு) கிருமிக்கு ஆறு மாதம் கெடு. அந்தப் பயத்துக்கு யாராவது கெடு வெச்சிருக்காங்களா? (கைதட்டல்)

எங்க தெருவிலே ஒருத்தர். கூட்டுறவுச் சங்கத்திலே கணக்கு எழுதுறவர். ஒரு நாள் தவறாம மாத்திரை சாப்பிட்டார். ஆறாவது மாதம் சளியைப் பார்த்தாங்க, கிருமி இல்லை. டாக்டர் சந்தோஷமா, “முடிஞ்சுதுங்க, போயிட்டு வாங்க”ன்னு சொல்லிட்டார். நம்ம பண்பாடு அது. யாரையும் ‘போங்க’ன்னு சொல்ல மாட்டோம், ‘போயிட்டு வாங்க’ன்னுதான் சொல்லுவோம். இவரு வீட்டுக்கு வந்து மனைவிகிட்டே கேட்கிறார்: “ஏம்மா, டாக்டர் ‘வாங்க’ன்னு சொன்னாரே, திரும்ப வந்துடும்னுதானே சொல்றார்?” (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா அந்த மனுஷன் அன்னிக்கு ராத்திரி தூங்கல. அடுத்த நாள்லேருந்து மருந்துக்கடை வாசல்ல இருக்கிற எடை மிஷின்தான் அவருக்குக் கோவில். காலையிலே ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முன்னூறு கிராம் குறைஞ்சா முகம் செத்துப் போயிடும். “அரிசி மண்டியிலேகூட இத்தனை தடவை நிறுக்க மாட்டாங்க சார்”னு அந்த அம்மா என்கிட்டே சொன்னாங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, உடனே பயம். ஆழமா மூச்சு இழுத்தா நெஞ்சு ஓரத்திலே சுருக்குன்னு குத்துது, உடனே பயம். பனிக்காலத்திலே நாலு நாள் இருமல். நாலு நாளும் வீட்டிலே யாரோடயும் பேசல.

இவரு இப்படின்னா, வீடு எப்படித் தெரியுமா? இவருக்குன்னு தனி டம்ளர். அடையாளத்துக்கு அடியிலே ஒரு சிவப்புப் பொட்டு. நோய் இருந்தப்போ வெச்ச பொட்டு. மாத்திரை முடிஞ்சு பத்து மாதம் ஆச்சு, பொட்டு மட்டும் அழியல. காசநோய் டம்ளர்லேயும் தட்டிலேயும் பரவுற நோயே இல்லீங்க. அது காத்திலே பரவுறது. நோய் இருக்கிறவர் இருமும்போதும் தும்மும்போதும் வர்ற நுண்துளியிலே பரவுறது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பிச்சதுமே பரவுற சக்தி வேகமாக் குறைஞ்சுடும். சளியிலே கிருமி இல்லேன்னு முடிவு வந்த மனுஷனோட டம்ளரைத் தனியா வைக்கிறோமே, அது சுகாதாரமா? அது அவமானம்! அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளர்ல இல்லீங்க, அந்த மனுஷன் நெஞ்சிலே வெச்சது! (நீண்ட கைதட்டல்)

இந்தப் பயம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் யோசிச்சேன். நான் தமிழ் வாத்தியார். எதைக் கொடுத்தாலும் சொல்லைத்தான் முதல்ல பார்ப்பேன். இந்த நோய்க்கு நாம என்ன பேர் வெச்சிருக்கோம்? ‘காசநோய்’. காசம்னா வடமொழியிலே இருமல். ஆக, காசநோய்னா இருமல் நோய். பழைய பேர் ‘சயரோகம்’. க்ஷயம்னா தேய்தல். உடம்பு தேய்கிற நோய். நம்ம பாட்டிமார் சொன்ன பேர் ‘எலும்புருக்கி’. எலும்பை உருக்கிற நோய். மூணு பேரிலேயும் எங்கேயாவது கிருமி இருக்கா? இல்லை! ஏன்னா, அந்தப் பேரெல்லாம் வெச்சபோது கிருமியை யாரும் பார்க்கல. 1882 மார்ச் 24-ஆம் தேதி ஜெர்மனியிலே ராபர்ட் கோக் என்கிற அறிஞர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சதாக அறிவிச்சார். அதனாலதான் மார்ச் 24 உலகக் காசநோய் நாள். அதுக்கு முன்னாடி மனுஷனுக்குத் தெரிஞ்சது இருமலும் இளைப்பும்தான்.

கிருமியைக் கண்டுபிடிச்சு நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு. மருத்துவம் கிருமியைப் பார்க்குது. நாம மட்டும் இன்னும் பேரைப் பார்த்துப் பயப்படுறோம். பேர் இருமல் நோய், அதனால இருமினா நோய்! பேர் எலும்புருக்கி, அதனால எடை குறைஞ்சா நோய்! நடுவர் அவர்களே, எங்க தெருக்காரரை வாட்டினது கிருமி இல்லை. அது எப்பவோ போயிடுச்சு. அவரை வாட்டினது ஒரு பழைய பேரு! (கைதட்டல்)

“அப்படின்னா அவருக்கு மூச்சு வாங்குறது பொய்யா? இருமல் பொய்யா?”ன்னு எதிரணி நண்பர் சைகையிலே கேட்கிறார். நல்ல கேள்வி. பொய்யே இல்லை. எனக்குத் தெரிஞ்ச நுரையீரல் மருத்துவர் ஒருத்தர்கிட்டே இதைத்தான் கேட்டேன். அவர் சொன்னதை நம்ம ஊர் பாஷையிலே சொல்றேன்.

ஆத்திலே வெள்ளம் வருது. கரை உடையுது. ஊருக்குள்ளே தண்ணி. நாலு நாள்லே வெள்ளம் வடிஞ்சுடுது. வடிஞ்ச பிறகு ஊரு பழையபடி இருக்குமா? வாய்க்கால் ஒரு இடத்திலே அகண்டு பள்ளமாப் போயிருக்கும். பெய்யிற மழையெல்லாம் அங்கே தேங்கும். பாசி பிடிக்கும், கொசு வரும். தேங்கின தண்ணியைப் பார்த்து, “ஐயோ, வெள்ளம் திரும்பி வந்துடுச்சு”ன்னு ஊரைக் காலி பண்ணுவோமா? (சிரிப்பு) நுரையீரலும் அப்படித்தான். கிருமி இருந்த இடத்திலே தழும்பு விழுந்து சுருங்கிடுது. சில இடத்திலே மூச்சுக்குழாய் அகண்டு போய், அங்கே சளி தேங்குது. தேங்கின சளி அப்பப்ப இருமலா வருது, சில நேரம் ரத்தம்கூடக் கலந்து வருது. சில பேருக்குக் குழாய் சுருங்கி, ஆஸ்துமா மாதிரி இளைப்பு வருது. நோய் குடைஞ்ச குழியிலே பூஞ்சை போய் உருண்டையா உட்கார்ந்துக்கிறதும் உண்டு. இதெல்லாம் நிஜமான தொந்தரவு. ஆனா இதுக்கு வேற மருந்து, வேற மூச்சுப் பயிற்சி. திரும்பவும் காசநோய் மாத்திரை இல்லை.

இந்தத் தொந்தரவை மருத்துவ உலகமே ரொம்ப நாள் பெரிசா எடுத்துக்கல. கிருமி போச்சா, கணக்கை முடி, அடுத்த ஆளைக் கூப்பிடு! காசநோய்க்குப் பின் வரும் நுரையீரல் பாதிப்புக்குன்னே முதல் சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது எப்போ தெரியுமா? 2019-லே, தென்னாப்பிரிக்காவிலே, ஸ்டெல்லன்போஷ் என்கிற ஊரிலே. கிருமியைக் கண்டது 1882. குணமானவன் ஏன் இருமுறான்னு உலகம் கூடி உட்கார்ந்து பேசினது 2019!

அதுவரைக்கும் நம்மகிட்டே சொன்ன பதில் என்ன? “உனக்கு ஒண்ணுமில்லை, போ.” ஒண்ணுமில்லேன்னா ஏன்யா எனக்கு மூச்சு வாங்குது? அந்த ‘ஒண்ணுமில்லை’ங்கிற வார்த்தைதான் பயத்துக்குப் போடுற உரம். “கிருமி இல்லை, தழும்பு இருக்கு. தழும்பாலே இன்னின்ன வரும், இன்னின்ன வந்தா உடனே வா”ன்னு ஒரு ரெண்டு நிமிஷம் யாராவது சொல்லியிருந்தா, எங்க தெருக்காரர் எடை மிஷின் வாசல்ல நின்னிருக்க மாட்டார். (கைதட்டல்)

இன்னொரு சங்கதி சொல்றேன். தழும்பு எக்ஸ்ரேயிலே ஆயுசுக்கும் தெரியும். ஒருத்தர் வெளியூர் போன இடத்திலே காய்ச்சல்னு புது டாக்டர்கிட்டே போனார். எக்ஸ்ரே எடுத்தாங்க. நிழல் தெரியுது. சளி பார்க்கல, ஒண்ணும் பார்க்கல, திரும்பவும் காசநோய் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இவர்கிட்டே பழைய எக்ஸ்ரே இருந்திருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, “இது பழைய தழும்பு, அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு”ன்னு சொல்லியிருக்கலாம். “பழைய எக்ஸ்ரே எங்கய்யா?”ன்னு கேட்டா, “பேரன் சூரிய கிரகணம் பார்க்க எடுத்துக்கிட்டுப் போனான் சார்”ங்கிறார்! (பலத்த சிரிப்பு) அதிலே கிரகணம் பார்க்கிறதும் கண்ணுக்குக் கேடு, அது தனிப் பட்டிமன்றம். தாய்மார்களே, வீட்டுப் பத்திரத்தை எப்படிப் பத்திரமா வைக்கிறீங்களோ, அப்படி அந்த எக்ஸ்ரேயையும் சிகிச்சை அட்டையையும் வையுங்க. அதுதான் உங்க நுரையீரலுக்குப் பட்டா!

(நடுவர்: “எதிரணிக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே. நோய் திரும்பி வர்றதே இல்லையா?”)

வருதுங்க ஐயா. வராதுன்னு நான் சொன்னா அது துரோகம். மருந்தை முறையா, முழுசா முடிச்சவங்களை ஆய்வுகள்லே தொடர்ந்து பார்த்ததிலே, நூற்றுக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் திரும்பி வருது. அப்படி வர்றதிலேயும் பெரும்பாலானது முதல் ஒரு வருஷத்துக்குள்ளே வந்துடுது. பாதியிலே மாத்திரையை விட்டவங்க, சர்க்கரையைக் கட்டுக்குள்ளே வைக்காதவங்க, புகைக்கிறவங்க, குடிக்கிறவங்க, சத்துக் குறைஞ்சவங்க, எய்ட்ஸ் கிருமி உள்ளவங்க, நுரையீரல்லே பெரிய குழி விழுந்தவங்க, இவங்களுக்கு ஆபத்து அதிகம். பழைய கிருமி முழிச்சுக்கிறதும் உண்டு, புதுசா இன்னொருத்தர்கிட்டேயிருந்து தொத்திக்கிறதும் உண்டு. அதனாலதான் நம்ம நாட்டுத் திட்டத்திலே, மருந்து முடிஞ்சு 6, 12, 18, 24-ஆவது மாதங்கள்லே திரும்ப வந்து பரிசோதிச்சுக்கணும்னு விதியே வெச்சிருக்காங்க. எத்தனை பேர் போறாங்க? ஏன் போகல? அங்கேதான் என் கட்சி இருக்கு.

என்கிட்டே படிச்ச பொண்ணு ஒண்ணு. கெட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்னாடியே நோய் வந்து, மருந்து முடிச்சு, நல்லாத்தான் இருந்தா. ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சுதான் கல்யாணம். ஒரு குழந்தையும் ஆச்சு. திடீர்னு ஒரு நாள் இருமல் ஆரம்பிச்சுது. சாயங்காலமானா லேசாக் காய்ச்சல். மாமியார், “என்னம்மா இருமல்?”னு கேட்டா, “தூசி அத்தை”ன்னு சொல்லிடுவா. ராத்திரி தலையணையிலே முகத்தை அழுத்திக்கிட்டு இருமுவா. பக்கத்திலே குழந்தை. ஒரு மாதம் இல்லை, ரெண்டு மாதம் இல்லை, நாலு மாதம்! கடைசியிலே கண்டுபிடிச்சது யார் தெரியுமா? புருஷனோட அப்பத்தா. எண்பது வயசு, காது மந்தம். “அடியே, எனக்கு டமாரம் அடிச்சாலே கேட்காது. உன் இருமல் கேட்குதுன்னா அது தூசி இல்லடி. கிளம்பு ஆஸ்பத்திரிக்கு”ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. (கைதட்டல்)

சளியிலே கிருமி இருந்தது. திரும்பி வந்திருந்தது. எந்த மருந்துக்குக் கட்டுப்படுதுன்னு பார்த்து, மறுபடி சிகிச்சை கொடுத்தாங்க. குழந்தையையும் சோதிச்சு, நல்லவேளை நோய் இல்லே, தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தாங்க. இன்னிக்கு அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அந்தப் பொண்ணு என்கிட்டே சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். “ஐயா, இது அதுதான்னு முதல் மாதமே எனக்குத் தோணிச்சு. சொன்னா, ‘இவளுக்கு இது போகவே போகாது’ன்னு அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னுதான் பயந்தேன்.”

எதிரணி அம்மா எழுந்திருக்கிறாங்க. “பார்த்தீங்களா, நோய்தானே திரும்பி வந்துச்சு!”ன்னு கேட்கப் போறாங்க. உட்காருங்கம்மா, நானே சொல்லிடறேன். நோயைத் திருப்பிக் கொண்டு வந்தது கிருமி. ஒத்துக்கிறேன். ஆனா அந்த நோயை நாலு மாதம் தலையணைக்குள்ளே ஒளிச்சு வெச்சது எது? பச்சைக் குழந்தைக்குப் பக்கத்திலேயே படுக்க வெச்சது எது? பயம்! கிருமி ஒரு நாள் வந்தது, பயம் அதுக்கு நாலு மாதம் சோறு போட்டு வளர்த்தது! (நீண்ட கைதட்டல்)

ரெண்டு கதையையும் சேர்த்துப் பாருங்க. எங்க தெருக்காரருக்கும் இருமல். அந்தப் பொண்ணுக்கும் இருமல். அவர், “வந்துடுச்சு, வந்துடுச்சு”ன்னு பயந்தார், அது தழும்பு. இவ, “தூசி, தூசி”ன்னு சொன்னா, அது நோய். வெளியிலேருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். சளி! ரெண்டு வாரத்துக்கு மேலே இருமல் நின்னா, சாயங்காலக் காய்ச்சல் தொடர்ந்தா, காரணமில்லாம எடை குறைஞ்சுக்கிட்டே போனா, சளியிலே ரத்தம் வந்தா, கொண்டு போய்ச் சளியைக் கொடுங்க. ரத்தம் நிறைய வந்தா எதையும் யோசிக்காம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. எச்சில் இல்லீங்க, காலையிலே எழுந்ததும் நெஞ்சுக்குள்ளேயிருந்து இருமி எடுக்கிற சளி. ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்னு மறைக்காமச் சொல்லுங்க. ஏன்னா, இப்ப ரெண்டு மணி நேரத்திலே முடிவு சொல்ற புதுச் சோதனைகள், சில நேரம் செத்த கிருமியோட மிச்சத்தைக்கூடக் காட்டிடும். உயிரோட இருக்கான்னு தெரிய, கல்ச்சர் வெச்சு வளர்த்துப் பார்க்கணும். அந்தக் கிருமி மெதுவா வளர்ற கிருமி, ஆறு வாரம்கூட ஆகும். காத்திருக்கணும். போன தடவை மிச்சமிருந்த மாத்திரையை எடுத்து நாமளே முழுங்கக் கூடாது. அது கிருமிக்கு நாமே சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது.

நாம பயத்தாலே ஏமாந்தது இது முதல் தடவை இல்லை. சென்னையிலே மின்சார ரயில்லே போனா ‘தாம்பரம் சானடோரியம்’னு ஒரு ஸ்டேஷன். 1928-லே டாக்டர் முத்து தொடங்கின சானடோரியத்தாலே வந்த பேர். காசநோய்னா ஊருக்கு வெளியே, மரத்தடியிலே, வருஷக்கணக்கிலே படுக்கணும்னு உலகமே நம்பின காலம். வீட்டிலே வெச்சா வீடே அழிஞ்சுடும்னு பயம். 1956-லே சென்னை சேத்துப்பட்டிலே ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. இன்னிக்கு அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நோயாளிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவு சானடோரியத்திலே, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இன்னொரு பிரிவு சென்னையிலே அவங்க அவங்க குடிசையிலே, நெருக்கடியிலே, அரை வயித்துக் கஞ்சியோட. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. 1959-லே முடிவு வெளியாச்சு. வீட்டிலே இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க! அதோட விடல. அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. நோய் திரும்பினது ரெண்டு பிரிவிலேயும் கொஞ்சம் பேருக்குத்தான். கூட இருந்த குடும்பத்தாருக்கும் வீட்டிலே வெச்சுப் பார்த்ததாலே கூடுதல் ஆபத்து வரல. உலகத்தோட சிகிச்சை முறையையே மாத்தின ஆராய்ச்சி, நம்ம சேத்துப்பட்டிலே நடந்தது! (கைதட்டல்) நம்ம குடிசைகள் உலகத்தோட பயத்தைப் போக்கிச்சு. நாம இன்னும் டம்ளருக்குப் பொட்டு வெச்சுக்கிட்டிருக்கோம்!

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன் ஐயா. இன்னும் ரெண்டே நிமிஷம். அதுக்கு மேலே எடுத்தா, இன்னொரு மணியை என் தலையிலே அடிச்சுடுங்க. (சிரிப்பு)

வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திலே அச்சத்தைப் பற்றிப் பேசுறார். பயமே கூடாதுன்னு அவர் சொல்லல. பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம இருக்கிறதை முட்டாள்தனம்ங்கிறார். அதனால, பயத்திலே ரெண்டு வகை உண்டுன்னு நான் பிரிச்சுக்கிறேன். ஒரு பயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற பயம். இன்னொண்ணு ஆஸ்பத்திரியிலேருந்து ஒளிய வைக்கிற பயம். முதல் பயத்தோட தேதி குறிச்சுக்குங்க. ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பதினெட்டு, இருபத்துநாலு. அந்தத் தேதிகள்லே போய்ச் சோதிச்சுட்டு வந்துட்டா, நடுவிலே இருக்கிற நாளெல்லாம் உங்களுது. பயத்துக்கு இல்லை!

அதே வள்ளுவர், மருந்து அதிகாரத்தோட கடைசிக் குறள்லே, மருத்துவத்துக்கு நாலு தூண் வைக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் நாலாவதா ஒருத்தர், பக்கத்திலே இருந்து கவனிச்சுக்கிறவர். கவனிச்சீங்களா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கூட இருக்கிற ஆளையும் அவர் மருந்துக் கணக்கிலே சேர்த்துட்டார். ஆறு மாதத்திலே மருந்து முடிஞ்சுடும். டாக்டர் “போயிட்டு வாங்க”ன்னுடுவார். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிறது யாரு? நோயிலேருந்து எழுந்தவரும், அந்த நாலாவது ஆளும்தான். அந்த நாலாவது ஆள் நீங்கதான் தாய்மார்களே, நீங்கதான் பெரியவர்களே! உங்க வீட்டிலே அப்படி ஒருத்தர் இருமினா, தள்ளி உட்காராதீங்க. “என்னங்க, எத்தனை நாளா? வாங்க, நான் கூட வர்றேன், சளியைக் கொடுத்துட்டு வந்துடலாம்”னு சொல்லுங்க. அந்த அப்பத்தா சொன்ன மாதிரி சொல்லுங்க. நாலு மாதம் ஒளிஞ்சிருந்த நோயை ஒரு நாளிலே வெளியே கொண்டு வந்தது எந்த மருந்தும் இல்லை, அந்தக் கிழவியோட கைதான்!

நடுவர் அவர்களே, நோய்க்கு மருந்து இருக்கு. மருந்துக்குக் கெடு இருக்கு. கெடு முடிஞ்ச பிறகும் குணமானவனை இருமலுக்கு இருமல் சாகடிக்கிறது பயம். திரும்பி வந்த நோயை வெளியே சொல்ல விடாம வாயைப் பொத்துறதும் அதே பயம். நோய் இல்லாதவனையும் வாட்டுது, நோய் இருக்கிறவனையும் வாட்டுது. நோய் பாவம், இருக்கிறவனை மட்டும்தானே வாட்டுது? (பலத்த கைதட்டல்) எனவே, பெரிதும் வாட்டுவது பயமே, பயமே என்று தீர்ப்பளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.